ஆலோசனை என்னும் அமானிதம்



நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊரில் நமக்குத் தெரிந்தவர் யார் என்று தேடிப் பிடித்து, அவர் தொழுகையாளியா, முன்கோபியா, கடன் ஏதும் உண்டா என்பது வரை கேட்டறிகிறோம். ஆனால், இருபது ஆண்டுகள் வளைகுடா வெயிலில் நின்று சேர்த்த பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது பெரும்பாலும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டாலும், அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளப் போகிறவரிடமே யோசனை கேட்கிறோம்.

செல்வம் சேர்ப்பதை நம் மார்க்கம் இழிவாகக் கருதவில்லை. மக்காவில் அனைத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கி, பிற்காலத்தில் ஸஹாபாக்களிலேயே பெரும் செல்வந்தர்களுள் ஒருவராக உயர்ந்தார்கள். பொருளைப் பெறுவதைவிடச் சரியான வழியைக் கேட்டறிவதையே அவர்கள் முதலில் நாடினார்கள்.

அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்திற்கே ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை என்றுதான் பெயர். அதன் 38ஆவது வசனம் இறைநம்பிக்கையாளர்களின் பண்புகளை வரிசைப்படுத்தும் முறை என்னைப் பல நாள் சிந்திக்க வைத்ததுண்டு. தொழுகையை நிலைநாட்டுவதற்கும், அல்லாஹ் வழங்கியதிலிருந்து செலவு செய்வதற்கும் நடுவில் கலந்தாலோசனை வைக்கப்பட்டிருக்கிறது. ஸஜ்தாவிலிருந்து எழுந்து பணப்பையைத் திறப்பதற்கு முன், தகுதியுள்ள ஒருவரிடம் கேட்டுக்கொள் என்று அந்த வரிசை எனக்குச் சொல்வதாகவே உணர்கிறேன்.

நபித்தோழர்கள் தம் பொருளைப் பற்றி அவ்வாறே கேட்டிருக்கிறார்கள். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைவிடச் சிறந்த சொத்து எதுவும் தமக்கு வாய்த்ததில்லை என்று கருதிய உமர் (ரலி) அவர்கள், அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார்கள். மூலத்தை அப்படியே நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்ற வழிகாட்டுதல் கிடைத்தது. இன்று நாம் வக்ஃபு என்று அழைப்பதற்கு அது ஒரு முக்கிய ஆதாரம். நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கை அறத்துக்கு எழுதிவைக்க விரும்பிக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கே போதும், அதுவே அதிகம் என்று தடுக்கப்பட்டார்கள். வாரிசுகளைக் கையேந்தும் நிலையில் விடாமல் வசதியோடு விட்டுச்செல்வது நல்லது என்பதும் அந்த அறிவுரையில் அடங்கியிருந்தது.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நபிமொழியின் கருத்து. நகையையும் ரொக்கத்தையும் போலவே ஒரு யோசனையையும் அமானிதமாகக் கருத வேண்டும் என்பதை நான் நூலிலிருந்து கற்கவில்லை. என் ராத்தாவின் வீட்டில் நேரில் கண்டு கற்றேன்.

எங்கள் குடும்பம் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தது. ஊரில் நான் கட்டுமானப் பொருள்கள் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். ராத்தாவின் கணவர், என் மச்சான், தம்மாமில் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2015ஆம் ஆண்டு மாரடைப்பால் அங்கேயே வஃபாத்தானார். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகியிருந்தார்கள். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8 வயது. அவர் சேமிப்பும், நிறுவனம் கொடுத்த பணிமுடிவுத் தொகையும் சேர்த்து, கடன்களை எல்லாம் அடைத்தது போக 24 லட்சம் ரூபாய் மிஞ்சியது.

ராத்தா இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாள்கள் முடிவதற்குள்ளேயே யோசனைகள் வாசலுக்கு வரத் தொடங்கிவிட்டன. மனை வாங்கிப் போடச் சொன்னார் ஒருவர். கைமாற்றாகக் கேட்டார் மற்றொருவர். உறவினர் ஒருவர், ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் லாபம், முதலுக்கு முழு உத்தரவாதம். 24 லட்சத்துக்கு மாதம் 72,000 ரூபாய். மச்சான் உயிரோடு இருந்தபோது வீட்டுக்கு அனுப்பிய தொகையைவிட அது அதிகம். இரண்டு சிறு பிள்ளைகளோடு விதவையாகிவிட்ட ஒரு பெண்ணின் காதில் அந்த எண் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ராத்தாவின் மனமோ என் பக்கம் சாய்ந்திருந்தது. என் கடைக்கு அடுத்த இடம் அப்போது காலியாகியிருந்தது. அதைப் பிடித்து டைல்ஸ் விற்பனையைத் தொடங்க எனக்கு 10 லட்சம் தேவைப்பட்டது. அது ராத்தாவுக்கும் தெரியும்.

“வெளி ஆட்களிடம் கொடுக்க மனம் வரவில்லை, தம்பி. நீயே வைத்துக்கொள். லாபம் வந்தால் பார்த்துக் கொடு” என்றார்.

நான் தலையசைத்திருந்தால் ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அக்காளின் பணம் தம்பியிடம் இருப்பது பாதுகாப்பு என்றே பாராட்டியிருப்பார்கள். ஆயினும் அந்த இடத்தில் நான் யோசனை சொல்லத் தக்கவன் அல்லன். “எனக்கு இந்தப் பணம் தேவைப்படுகிறது, ராத்தா. அதனால் இதைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் என் தேவையும் அதில் கலந்துதான் வரும். இதில் ஆதாயம் இல்லாதவர்களிடம் கேட்போம்” என்றேன். அன்றிரவு தூக்கம் வர வெகுநேரமாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாவதில்லை.

முதலில் எங்கள் மத்ரஸாவின் ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். முதலீட்டைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. “இது யாருடைய பணம்?” என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு தாளை எடுத்து வாரிசுரிமைக் கணக்கை எழுதிக் காட்டினார்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 3 லட்சம். எஞ்சிய 21 லட்சத்தில் மகனுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். “உங்கள் கையில் இருக்கும் 24 லட்சத்தில் உங்களுடையது 3 லட்சம்தான், மகளே. மற்றது யதீம்களின் சொத்து” என்றார்கள். அநாதைகளின் பொருளைப் பற்றி அந்நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதையும் நினைவூட்டினார்கள். அதுவரை யோசனை சொல்ல வந்த எவரும் எழுப்பாத கேள்வி அது.

அந்த ‘ஹலால் முதலீடு’ பற்றியும் கேட்டோம். தொழிலில் நட்டம் வந்தால் என்ன செய்வார்கள் என்று விசாரித்து வரச் சொன்னார்கள். நட்டம் வந்தாலும் மாதம் 3,000 தவறாது என்பது உறவினரின் பதில். ஹஜ்ரத் அவர்கள் சிரித்துவிட்டார்கள். முளாரபா என்பது ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் போட்டு, வரும் லாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பங்கிட்டுக்கொள்வது. உழைப்பவர் தவறு செய்யாத நிலையில் நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். லாபமோ நட்டமோ, மாதந்தோறும் குறித்த தொகை உறுதி என்று சொன்னால், மேலே எந்தப் பெயரை எழுதி ஒட்டினாலும் உள்ளே இருப்பது வட்டிதான்.

பணத்தை எங்கே போடலாம் என்று நாங்கள் கேட்டபோது, “எனக்கு ஃபராயிள் தெரியும். கம்பெனிக் கணக்கு தெரியாது. தெரிந்தவரிடம் போங்கள்” என்று அனுப்பிவைத்தார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர்களுக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. அவர்கள் அறிவுரைப்படியே ஒரு வழக்கறிஞரையும் பார்த்தோம். சிறுவர்களின் சொத்தைத் தாய் தன் விருப்பப்படி கையாள இயலாது என்பதை விளக்கி, 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் ராத்தாவைக் காப்பாளராக நியமிக்க மனுச் செய்ய வைத்தார் அவர்.

அடுத்து மதுரையில் நிதி ஆலோசகர் ஒருவரிடம் சென்றோம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவு பெற்றவர். உட்கார்ந்தவுடன் தம் கட்டணம் 6,000 ரூபாய் என்றார். ராத்தாவின் முகம் வாடியது. இலவசமாகவே யோசனை சொல்ல எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்திருந்தார்களே! அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். “நீங்கள் கொடுக்காவிட்டால், எனக்கு வேறு யாரோ கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது நான் அவருக்காகப் பேசுவேன்” என்றார். செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த அடிப்படையில் அமைந்தவைதாம். பதிவு பெற்ற ஆலோசகர் வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறுகிறார். அதே வாடிக்கையாளருக்கு நிதித் திட்டங்களை விற்றுக் கமிஷன் பெற அவருக்கு அனுமதி இல்லை.

மாதம் 3 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. வாடகை, சம்பளம், முகவர் கமிஷன் எல்லாம் போக அவ்வளவு கொடுக்க வேண்டுமென்றால், தொழிலில் அதைவிடப் பன்மடங்கு லாபம் ஆண்டுதோறும் தவறாமல் வர வேண்டும். அப்படி ஒரு தொழில் உண்மையில் இருந்தால், அதை நடத்துபவர் விதவைகளின் வீட்டு வாசலுக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்டார்.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் பாதுகாப்பு அல்ல என்பதையும் அவரே விளக்கினார். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 12 ஆண்டுகளில் பணத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். எங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. அதன்படி சிறுவர்களின் பொருளுக்கும் ஜகாத் உண்டு. 21 லட்சத்தை அசையாமல் வைத்து ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு கொடுத்து வந்தால், பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ 16.3 லட்சமாகக் குறையும். யதீம்களின் பொருளை ஜகாத் தின்றுவிடாதபடி அதை வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் செய்தி, அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

மூன்றாவதாக எங்களுக்கு யோசனை சொன்னவர், நாங்கள் யோசனை கேட்கப் போனவரே அல்லர். கடைவீதியில் பலசரக்கு வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர் தம் கடையை 14 லட்சத்துக்கு விற்கப்போவதாக அறிந்து, வாடகை வருமே என்று விலை பேசச் சென்றோம். அவர் பேத்தியின் திருமணத்திற்காக அந்தப் பணத்தை எதிர்பார்த்திருந்தார். எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, ரோட்டை அகலப்படுத்த அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முன்பக்கம் எட்டடி போகும். இது தகப்பன் இல்லாத பிள்ளைகளின் காசு என்று கேள்விப்பட்டேன். இந்தக் கடை உங்களுக்கு வேண்டாம்” என்றார். பின்னர் விவரம் அறிந்த வேறொருவருக்குக் குறைந்த விலைக்கே அதை விற்றார்.

அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஹிஜ்ரத் பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தங்கள் ஒட்டகங்களையே நம்பி ஒப்படைத்த வழிகாட்டியும் முஸ்லிம் அல்லர் என்பது நினைவுக்கு வந்தது. பாதையை நன்கு அறிந்தவர் என்பதும், நம்பகமானவர் என்பதுமே அவரைத் தேர்ந்தெடுக்கப் போதுமானவையாக இருந்தன. தாடியும் தொப்பியும், நாவில் புரளும் அரபுச் சொற்களும் இவ்விரண்டு தகுதிகளுக்கும் ஈடாகமாட்டா.

இறுதியில் ராத்தா இரண்டு ரக்அத் இஸ்திகாராத் தொழுதுவிட்டு முடிவெடுத்தார். நீதிமன்ற அனுமதியோடு, பிள்ளைகளின் 21 லட்சத்தில் 12 லட்சத்துக்கு, வாடகைக்கு விடத்தக்க சிறிய வீடு ஒன்று இருவர் பெயரிலும் இரண்டுக்கு ஒன்று என்ற பங்கில் வாங்கப்பட்டது. 6 லட்சம், வட்டித் தொழில், மது போன்றவற்றை நீக்கிய ஷரீஅத் வரம்புக்குட்பட்ட பங்குநிதியில் சேர்ந்தது. 3 லட்சம் படிப்புச் செலவுக்காகக் கையருகே நின்றது. மாத வாடகை 5,500 ரூபாய். 72,000 எங்கே, 5,500 எங்கே! உறவினர்கள் சிலர் ராத்தாவுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்றே பேசினார்கள்.

தம் சொந்தப் பங்கான 3 லட்சத்திலிருந்து 1 லட்சத்தை ராத்தா என் கடையில் போட்டார். தண்ணீர்க் குழாய்ச் சரக்குக்கு மட்டும் தனிக் கணக்கு, லாபத்தில் ஆளுக்குப் பாதி, நட்டம் வந்தால் முதலில் கழியும் என்று ஹஜ்ரத் அவர்கள் முளாரபா ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று நான் கூச்சப்பட்டபோது, அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதுதானே என்றார்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஊரடங்கால் கடை மூடிக் கிடந்த 2020ஆம் ஆண்டில் லாபம் எதுவும் இல்லை. பேரேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ராத்தா பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ், முதல் இருக்கிறதே” என்றார். எழுத்தில் இருந்ததால் அன்று எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சிறு வருத்தமும் எழவில்லை.

அந்த ‘ஹலால் முதலீடு’ பதினேழாவது மாதம் நின்றுபோயிற்று. அலுவலகம் பூட்டப்பட்டது. அதைக் கொண்டுவந்த உறவினர் தீயவர் அல்லர். தம் தங்கையின் பணத்தையும் அதில் போட்டு இழந்தார். ஆனால், ஒவ்வொரு லட்சத்துக்கும் தமக்குக் கமிஷன் உண்டு என்பதை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இத்தகைய அவலம் எங்கள் ஊரோடு நிற்கவில்லை. ‘நிதி ஆலோசனை’ என்பதைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்த பெங்களூரு ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிலைகுலைந்தபோது, ஹலால் லாபத்தை நம்பிய பல்லாயிரம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர்.

நேர்மையான ஆலோசகரை எப்படி அறிவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, அன்று கண்டவற்றையே சொல்கிறேன். என் முடிவால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். நேர்மையாளர் கோபப்பட மாட்டார், தொகையைச் சொல்வார். நட்டம் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நட்டமே வராது என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்று பாருங்கள். இன்றே பணம் கட்டச் சொல்பவரிடம், நாளை வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் பாருங்கள். வைப்புத்தொகை திரட்டும் நிறுவனத்துக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் பார்க்கலாம். அனுமதியின்றி வைப்புத்தொகை திரட்டுவதை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் தடை செய்கிறது.

நம்மிடம் யோசனை கேட்டு வருபவர்களுக்கு நாம் எப்படி இருக்கிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் யோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் நபி (ஸல்) அவர்கள் மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். கேட்டவரின் நலனுக்காகக் கசப்பான உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். நாமோ, உறவு கெட்டுவிடும் என்று அஞ்சி, “நல்ல திட்டம்தான், போடுங்கள்” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம்.

நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைகளுக்கும் சட்டப்படி 18 வயதிலேயே உரிமை வயது நிறைவடைகிறது. யதீம்களைச் சோதித்துப் பார்த்து, பொறுப்புணர்வு தெரிந்த பின் சாட்சிகளோடு அவர்களின் சொத்தை ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயம் கூறுகிறது. அதற்கேற்ப, 18 வயதிலிருந்தே வீட்டு வாடகைக் கணக்கை எழுதும் பொறுப்பை ராத்தா மகனிடம் கொடுத்திருந்தார். 2025ஆம் ஆண்டு அவனுக்கு 21 வயது நிறைந்தபோது, பத்தாண்டுக் கணக்கையும் விரித்து வைத்து, ஹஜ்ரத் அவர்கள் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு அவன் பங்கு ஒப்படைக்கப்பட்டது. மகளின் பங்கு, இன்ஷா அல்லாஹ், இன்னும் மூன்று ஆண்டுகளில். என் டைல்ஸ் கடையும் திறந்தது. மூன்று ஆண்டுகள் தாமதமாக, வேறு இடத்தில், கடையின் சொந்த லாபத்திலிருந்து.

உண்மையைச் சொல்லும் மனிதர்களை நமக்கு அருகில் ஆக்கிவைக்குமாறும், நம்மிடம் கேட்பவர்களுக்கு நம்மையும் அத்தகைய மனிதர்களாக ஆக்குமாறும், நம் பொருளில் பரக்கத் செய்யுமாறும் வல்ல ரஹ்மானை வேண்டுகிறேன். ஆமீன்.